புற்றுமண்ணும் நாலு தையலும்

சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையின் சீட்டு வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். அவர்களை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போன மனைவியின் தம்பி உடன் வரவில்லை என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது. குளத்தின் உடைந்த ஓடு கணவரின் குதிகாலைக் கிழித்திருந்தது.

“ஏட்டி, வீட்டுக்குப் போவோம். கோயில் புத்துமண்ண அப்புனா ஆறிரும்.”

“மண்ண நெத்தியில பூசுங்க. காயத்துக்குள்ள வைக்க விடமாட்டேன்.”

“சாமி மண்ணுட்டி!”

“இருக்கட்டும். பத்து நிமிசமா அமுக்கிப் பிடிச்சும் ரத்தம் நிக்கல. காயம் வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. தையல் போடாம ஆறாது.”

“குளத்துத் தண்ணியில மருந்து போட்டிருக்கான்லா, கிருமியெல்லாம் செத்திருக்கும்.”

“அந்த மருந்து பாசியவே கொல்லலியே! அதுலதான வழுக்குனிய? வாங்க, இதுக்கு வரிசையில நிக்க வேண்டாம். நேரா அவசரப் பிரிவுக்குப் போவோம்.”

உள்ளே அவர் போட்ட சத்தம் வரிசை முழுவதும் கேட்டது. சற்று நேரத்தில் காலில் கட்டோடு, சிரித்தபடி வெளியே வந்தார்.

“நாலு தையல், ஒரு ஊசி. காசு வாங்கல. நான் கத்துனத ஒன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிராத.”

“சொல்லல. ஆளுக்கொரு மட்டன் பிரியாணி வாங்கித் தாங்க.”

அவர் நொண்டிக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தார்.

“தையல் சும்மா போட்டுட்டான். ஒன் வாயத் தைக்க நானூறு ரூவா!”