கேட் பாஸ் இல்லாத கடியாரம்

...அதத்தாம்மா நானும் கேக்கறேன். ஒரு மனுசன் வணக்கம் சொன்னா, திருப்பி ஒரு வணக்கம் சொல்றதுல இன்னா கஷ்டம்? வெரலு தேஞ்சிடுமா? மூணு மாசமா போனுல சொல்லிக்கினு கீறேன். வாரா வாரம் திங்கக்கெழம காலீல பல்லு வெளக்கினதும் மொத வேல அதான். 'என் பேரு நாகப்பன், சொந்த ஊரு மணிமங்கலம், ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனில இருபத்திரெண்டு வருசம் கேட் செக்யூரிட்டி, இப்ப ரிட்டயர்டு, எல்லாரும் வாங்க, பேசலாம்.' இவ்ளோதான் எழுதறேன். ஒரு பதில் கெடயாது. கேண்டீன் பலராமன் மட்டும் ரோசாப்பூ படம் அனுப்புவான். வணக்கம்னா ரோசாப்பூ. சாப்ட்டியாடான்னா ரோசாப்பூ. முட்டி வலின்னு போட்டேன், அதுக்கும் ரோசாப்பூ.

நல்லா உள்ள தள்ளி ஒக்காரும்மா, பஸ்ஸு ரொம்பிடும். பையி இடிக்குதா? இரு, மடீல வெச்சிக்கிறேன். கடியாரம்மா. செவுத்துல மாட்றது. டிக் டிக்குனு கேக்குதே, அதான், வேற ஒண்ணுமில்ல.

இன்னா சொல்லிக்கினு இருந்தேன்... ஆங், குழு. நெட்டுல. எங்க கம்பெனில ரிட்டயர் ஆனவங்களுக்கு மட்டும். பேரு 'கேட் தாண்டினவங்க'. நாந்தான் வெச்சேன், நல்லாக்கீதா? எம் பொண்ணு சுபஸ்ரீ ஓசூர்ல கீது. பொங்கலுக்கு வந்தப்போ அதான் செஞ்சி குடுத்துச்சி. ஏம்பா, வூட்டு கேட்டயே தொறந்து தொறந்து மூடிக்கினு கீற, நாலு பேரோட பேசுப்பான்னு. நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். கண்டவன் கண்டபடி உள்ள நொழயக் கூடாது, இதுக்கும் ஒரு கேட் வேணும்னு. நம்ம விசிட்டர் நோட்டுல கேக்கற அதே நாலு கேள்வி. பேரு இன்னா, எந்த டிபார்ட்மெண்ட், யாரப் பாக்கணும், வந்த காரியம் இன்னா. அதயும் வெச்சி, அன்னிக்கி வந்திருந்த பலராமனயும் அதுவே உள்ள சேத்து வுட்டுச்சி. அப்பறம் தெனமும் இதப் பாக்கணும்பா, இங்க அமுத்தணும்பான்னு இன்னான்னமோ சொல்லிக்கினே போச்சி. நான் சொன்னேன், இருபத்திரெண்டு வருசம் கேட்ல நின்னவனுக்கு நீ கேட்டப் பத்திப் பாடம் எடுக்காத, போயி காபி போடுன்னு.

தெரிஞ்சவன் நம்பருக்கெல்லாம் சேதி அனுப்புனேன். அறுவது, எழுவது பேரு இருக்கும். இன்னிக்கி குழுவுல எத்தினி பேரு சொல்லு? மூணு. நானு, எம் பொண்ணு, ரோசாப்பூ.

உன் கழுத்து டேக்க திருப்பிப் போடும்மா, ஃபோட்டோ உள்பக்கம் கீது, பேரு மட்டுந்தான் வெளிய தெரியிது. கேட்ல நிறுத்திடுவான். சந்தனமாரி... தென்காசிப் பக்கமா? ஓ, திருநவேலி. பிள்ளைப்பாக்கத்துல ரெண்டாவது ஷிப்டா? கம்பெனி பஸ்ஸ வுட்டுட்ட, அதான் இதுல வர. தப்பா நெனச்சிக்காத, டேக்கப் பாத்தா படிக்காம இருக்க முடியல எனக்கு.

மத்தவன் வரலன்னா போவட்டும்மா. கண்ணப்பன் வரல பாரு, அதான். ஸ்டோர்ஸ் கண்ணப்பன். பதினெட்டு வருசம் ஒரே டேபிள்ல சாப்ட்டோம். அவன் வூட்டுக் காரக்கொழம்பு எனக்கு, என் வூட்டு முட்ட அவனுக்கு. இந்த ஸ்ரீபெரும்புதூர்லதான் வூடு, கோயிலுக்குப் பின்னாடி. இப்ப அங்கேந்துதான் வரேன். உள்ள போவல. எதிர்ல ஒரு ஜூஸ் கடயில நின்னேன். ரெண்டு சாத்துக்குடி ஜூஸு குடிச்சேன். திரும்பிட்டேன். மூணு மாசமா வான்னு கூப்ட்டும் எட்டிப் பாக்காதவன் வூட்டுக்குள்ள இன்னான்னு சொல்லிக்கினு போறது?

கோவந்தான் அவனுக்கு. நியாயத்த நீயே சொல்லு. அவன் ரிட்டயர் ஆன அன்னிக்கி டிபார்ட்மெண்ட்ல மாலையெல்லாம் போட்டு இந்தக் கடியாரத்த பரிசா குடுத்தாங்க. ரெண்டு வருசம் ஆச்சி. கையில தூக்கிக்கினு சிரிச்சிக்கினே கேட்டுக்கு வரான். கம்பெனிலேந்து எது வெளிய போனாலும் கேட் பாஸ் வேணும். ஒரு ஆணி போனாலும் வேணும். நான் கேட்டேன், 'கண்ணப்பா, பாஸ் கீதா?' வெளயாட்றேன்னு நெனச்சான். நான் வெளயாடல. பின்னாடி ஷிப்டு முடிஞ்சி எரநூறு பேரு நிக்கிறான், எல்லாரும் பாக்கறான். அவன் கடியாரத்த என் டேபிள்ல வெச்சான். மாலயக் கழட்டி அது மேல வெச்சான். அப்பிடியே நடந்து பூட்டான்.

ரூலு ரூலுதானம்மா?

...இன்னா அப்பிடிப் பாக்கற? சரி. ஒரு நாளு வுட்டிருக்கலாம். எனக்கும் தெரியிது. மறுநாளே மேனேஜர் கையெழுத்து வாங்கி பாஸ் போட்டேன், இதே பையில கீது. கடியாரத்துக்கு பேட்டரி கூட நாந்தான் மாத்திக்கினு கீறேன். ஒரு நிமிசம் கூட தப்பா ஓடக் கூடாதுன்னு.

இந்தப் போனு வேற. தூக்கி எறியணும்போல கீது. சூடு ஏறிக்கினே போவுதும்மா. இல்ல, தொட்டா தெரியாது. குழுவுக்குள்ள போனா மேல நம்பர் காட்டுது பாரு, செவப்புல. மாசி மாசம் பன்னெண்டு இருந்திச்சி. பங்குனில இருவத்தஞ்சி. இப்ப நாப்பத்தொண்ணு. ஃபேனுக்கு நேரா வெச்சேன், தண்ணிப் பானை மேல வெச்சேன், எறங்க மாட்டேங்குது.

இந்தா, நீயே பாரு. எங்க அமுத்தற? பாத்தும்மா, எதுனா அழிஞ்சிடப் போவுது... இன்னாது? சூடு இல்லயா? ஆளா?

நாப்பத்தோரு ஆளா?

...வெளிய நிக்கிறாங்களா. மூணு மாசமா. யாரு உள்ள வுடணும்? நானா.

லாரிக்காரனக் கூட பத்து நிமிசத்துக்கு மேல நிக்க வெச்சதில்லம்மா நானு.

நீயே படி, பஸ்ஸு ஆட்டத்துல எனக்கு எழுத்து ஓடுது. ராஜாமணி, பெயிண்ட் ஷாப்பு. யாரப் பாக்கணும், நாகப்பண்ணன. வந்த காரியம், சும்மா பேச. ஐயோ, நல்ல மனுசன்மா அவன். அடுத்தது? சசிரேகா, அசெம்ப்ளி லைனு. பொண்ணுக்கு தை கடேசில கல்யாணம், எல்லாருக்கும் சொல்லணும்னு எழுதிக்கீதா? அந்தப் பொண்ணு மறுவூட்டுக்கே வந்துட்டுப் போயிருக்கும்மா இந்நேரம்.

எறக்கிக்கினே போ. அடீல கடேசி ஆளு யாரு? மொத நாளே வந்தவன்?

...திருப்பிப் படி. மெதுவா.

பேரு, கண்ணப்பன். டிபார்ட்மெண்ட், ஒனக்கே தெரியும். யாரப் பாக்கணும், ஒன்னத்தான். வந்த காரியம்...

'என் கடியாரம் ஒன் கேட்ல கீது. பாஸ் போட்டுட்டியா?'

பொங்கல் முடிஞ்ச நாலாம் நாளே வந்துக்கிறான்மா. நான் மறுபடியும் அவன கேட்லயே நிறுத்தி வெச்சிக்கிறேன்.

உள்ள வுடணும்னா எத அமுத்தணும்? இதுவா? இல்ல, இரு, எல்லாரயும் ஒண்ணா வேணாம். மொதல்ல அவன். நானே அமுத்தறேன்... ஆங், பூட்டான் உள்ள. இப்ப மத்தவங்க. ஒண்ணொண்ணா வாங்கப்பா, தள்ளாதீங்க.

சந்தனமாரி, இங்க பாரு, அதுக்குள்ள ரோசாப்பூ போட்டுட்டான் பலராமன், வர்றவன் ஒவ்வொருத்தனுக்கும்... எங்கம்மா நீ? எறங்கிட்டியா? பிள்ளைப்பாக்கமா இது? தோ போவுது பாரு, டேக்க இன்னும் திருப்பல.

கண்டக்டரே, விசில் அடிக்காதப்பா, நானும் எறங்கணும். டிக்கெட்டு மணிமங்கலத்துக்குத்தான், தெரியும். தோ எதிர்ல ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸு வருது, அத வுடக் கூடாது. கொஞ்சம் வழி வுடுங்கப்பா, பைய இடிக்காதீங்க, உள்ள கடியாரம் கீது. சந்தேகமா இருந்தா நிறுத்திக் கேளுங்க, பாஸ் காட்றேன்.