குறியில்லாத மாடு

கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்குப் போகும் டிராமில், எனக்கு முன் இருக்கையில் பள்ளிக்கூட ஆசிரியைகள் இருவர் இருந்தார்கள். மூத்தவள் சொன்னது காதில் விழுந்ததும் நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

“மாட்டுக்குச் சூடு போடாததுக்குத்தான், பிள்ளை, அவவுக்குப் பரிசு கிடைச்சது.”

“எந்த மாட்டுக்கு அக்கா?”

“கடுதாசி மாட்டுக்கு. சீவகாருண்யம் சொல்லுற சிறுவர் படப் புத்தகத்துக்குப் பரிசெண்டு அறிவிச்சவையெல்லே? எங்கட டிரோயிங் டீச்சர் ஒரு வண்டில் மாட்டின்ர கதையைப் படம் படமாக் கீறி அனுப்பினவ.”

“ஓம், தெரியும்.”

“நடுவர்மார் கூப்பிட்டுச் சொன்னவையாம், படமெல்லாம் நல்ல வடிவு, ஆனா குறிசுடாத வண்டில் மாடு கொழும்பில எங்க இருக்கு, முதலாளியின்ர பேரெழுத்தை விலாவில கீறித் தாங்கோ, பரிசு உங்களுக்குத்தான் எண்டு.”

“கீறிக் குடுத்தவவோ?”

“மாட்டனெண்டிட்டா. பரிசு போனாப் போகட்டும், என்ர கையால சுடமாட்டன் எண்டவவாம்.”

“கடுதாசியில கூடவோ?”

“கடுதாசியில கூடத்தான். அதைக் கேட்டுத்தான் பரிசை அவவுக்கே குடுத்தவையாம்.”

இளையவள் “அம்மாளாச்சி” என்றாள், சந்நிதியில் நிற்பவளைப் போல.

டிராம் மணியடித்து நின்றது. தண்டவாளத்தின் குறுக்கே ஒரு மாட்டுவண்டி. இளையவள் வகுப்புப் பழக்கத்தில் மாட்டின் விலாவில் சுட்டிருந்த எழுத்துகளை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள். பாதிப் பெயரில் வாயைப் பொத்திக்கொண்டாள்.