நூறு கட்டுரை கண்ட தோல் டாக்டருக்குப் பாராட்டு

நெல்லரைத்துப் பேரெடுத்து, இன்று சொல்லரைக்கும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மில் முதலாளி சிவனாண்டி அண்ணன் அவர்களே! ஆரப்பாளையத்துப் புழுக்கத்தையும் என் பேச்சையும் ஒரே முகத்தோடு தாங்கும் பெரியோர்களே! உலை வைக்கும் வேலையை ஒத்திவைத்து வந்திருக்கும் தாய்மார்களே! விழா நாயகர், தோல்நோய் ஆராய்ச்சித் திலகம் டாக்டர் இன்பசேகரன் அவர்களே! மிஷன் பள்ளித் தமிழாசிரியன் லூர்துராஜின் பணிவான வணக்கம்.

நூறு கட்டுரை! கருவாடு மடிக்கிற காகிதமா அது? கடல் கடந்து அச்சேறிய காகிதமய்யா! உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே உடம்பைத் தாக்க, தோல் தடித்துச் செதில் செதிலாய் உதிருமே, சொரியாசிஸ், அதைப் பற்றி நூறு கட்டுரை! "சார், இம்புட்டையும் ஒரு பார்வை பாத்துட்டுப் பேசுங்க" என்று டாக்டர் என்னிடம் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார். அங்கேதான் தப்புச் செய்தார். நான் படித்துவிட்டேன்! ஆங்கில டீச்சர் ஆனிமேரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி விடாமல் படித்துவிட்டேன்.

ஒரு கட்டுரை, ஒன்பது ஆசிரியர்கள். தோலைச் சுரண்டியவர் ஒருவர், சுரண்டும்போது விளக்குப் பிடித்தவர் ஒருவர், வாசலில் நின்றவர் ஒருவர். அந்த மாதம் முழுக்க லீவில் இருந்தவர் பெயர்தான் முதலில் இருக்கிறது. கேட்டால் அவர் துறைத்தலைவராம்!

கூட்டத்தில் கை தூக்குவது யார், என்ன மாப்ள கருத்தக்கண்ணா? சத்தமாகக் கேள். "அம்புட்டுப் பேரு டாக்டர மேற்கோள் காட்டிருக்காகன்னு நோட்டீசுல போட்டிருக்கே, அப்புடின்னா என்னண்ணே?" அப்படிக் கேள்! நம் ஊர் மொய்ச் செய்முறைதான் மாப்ள. என் வீட்டு விசேஷத்துக்கு நீ செய்தால், உன் வீட்டு விசேஷத்துக்கு நான் செய்ய வேண்டும். ஜப்பான்காரர் கட்டுரையில் டாக்டர் பெயர், டாக்டர் கட்டுரையில் ஜப்பான்காரர் பெயர். யாரும் கிடைக்காத வருஷத்தில் டாக்டரே டாக்டரை மேற்கோள் காட்டிக்கொள்கிறார். தன் காதுகுத்துக்குத் தானே தாய்மாமனாகச் சீர் கொண்டுவந்தவரை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அடுத்ததற்குச் சிரிப்பு வராது.

உலகமே புகழும் கட்டுரை ஒன்றில் ஒரு முதுகின் படம். கீழே, 'விவசாயக் கூலிப் பெண்'. பெயர் இல்லை. எனக்குத் தெரியும் அந்தப் பெயர். உசிலம்பட்டிப் பக்கத்து முத்துத்தாய். அவர் மகள் செல்லத்தாய் என்னிடம் படித்தவள். "எந் தோலத்தேன் சார் வெட்டி எடுத்தாக. என்ன சீக்குன்னு கேட்டேன், ஆராய்ச்சி முடியட்டும்னாக" என்று என்னிடம் அழுதார் அந்த அம்மாள். ஆராய்ச்சி முடிந்தது, அச்சும் ஏறியது. ஊரோ அதை ஒட்டிக்கொள்ளும் பெருவியாதி என்று முடிவுகட்டி, அவருக்குத் தனித்தட்டு, தனிக்குடம் வைத்தது. வருகிற வெள்ளிக்கிழமை செல்லத்தாய்க்குக் கல்யாணம். "பெத்தவ பந்தலுக்குள்ள வந்தா, எம் மகனக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டார் சம்பந்தி விருமாண்டி. இதோ, மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். முறைக்காதீர்கள் அண்ணே, உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. உங்களுக்கு யார் உண்மையைச் சொன்னார்கள்?

ஜெர்மனிக்குச் சொன்னீர்களே டாக்டர்! ஜப்பானுக்குச் சொன்னீர்களே! 'இது தொற்றுநோய் அல்ல' என்று கடைசிப் பத்தியில் அழகாக எழுதினீர்களே! இங்கே பஸ் ஏறினால் போய்ச் சேருகிற உசிலம்பட்டிக்கு ஏனய்யா சொல்லவில்லை? தோலைக் கொடுத்தவளுக்கு ஏனய்யா சொல்லவில்லை?

"மேடை நாகரிகம் பாருங்க சார்" என்கிறார் தலைவர். பார்க்கிறேன் அண்ணே. பார்ப்பதால்தான் கையை ஓங்காமல் மைக்கை நீட்டுகிறேன்.

அதோ, தாய்மார்கள் பக்கம், சுற்றிலும் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருப்பவர்தான் முத்துத்தாய். வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "வாரேன் சார், ஒளிஞ்சது போதும்" என்றார்.

டாக்டர் அவர்களே! நூற்றொன்றாவது கட்டுரையை இப்போதே, இந்த மைக்கிலே, விருமாண்டி அண்ணனுக்கு விளங்குகிற தமிழிலே வெளியிடுங்கள். ஒரே வரிதான்: தொட்டால் ஒட்டாது! பிறகு இறங்கிப் போய், அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

டாக்டர் எழுந்துவிட்டார்! கொஞ்சம் வழிவிடுங்கள் தாய்மார்களே. வெள்ளிக்கிழமை பந்தல் வாசலில் முத்துத்தாய் சந்தனக் கிண்ணத்தை நீட்டும்போது, தயங்காமல் தொட்டு எடுக்கப்போகிற உங்கள் ஒவ்வொருவர் கைக்கும் என் நன்றி, வணக்கம்!