கராம்பின் சூடு

கராம்பை அளவோடு போட வேண்டும். ஒன்று கூடினாலும் பியர் பல்வைத்தியரின் அறை மாதிரி மணக்கும். இந்த லண்டனில் வீட்டில் பியர் வடிக்கும் ஆண்களுக்கு இது தெரியாது. மசாலா என்றால் கைக்கு வந்ததைக் கொட்டுவது என்று நினைக்கிறார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். மொழிபெயர்க்கும் பிள்ளைக்குக் கராம்பின் ஆங்கிலப் பெயர் தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன்.

நான் மச்சம் மாமிசம் சாப்பிடாதவள். வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி முழுவதும் உபவாசம். என் நாக்கில் மது பட்டதில்லை. பியர் வடித்ததெல்லாம் என் கணவர் பத்மநாதனுக்காக.

அவர் பல வருடங்கள் நன்றாகக் குடித்தவர். சட்டனில் எங்கள் தெருவுக்கே தெரியும். சப்பாத்தைக் கழற்றிப் படுக்க வைக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஈஸ்வரி, நீ இல்லாட்டி நான் இல்லை" என்று அழுவார். மற்றப் பெண்களின் கணவர்மார் கல்யாண நாளையே மறந்துவிடுகிறார்கள். எனக்கு இரவு தவறாமல் காதல் வசனம்.

பிறகு ஈரல் டாக்டர் வந்து அதைக் கெடுத்தார். இனிக் குடித்தால் ஆள் தப்பாது என்றார். என் கணவர் பயந்து அன்றோடு விட்டார். உறவெல்லாம் தொலைபேசியில் என்னை வாழ்த்தியது. நானும் சந்தோஷப்பட்டேன், ஒரு வாரம்போல.

குடிக்காத பத்மநாதன் எனக்கு அறிமுகமில்லாத மனிதர். தன் சட்டையைத் தானே இஸ்திரிப்பெட்டி வைத்து மினுக்கினார். தேநீரைத் தானே போட்டார். பூங்காவில் நடந்துவிட்டு முகம் மலர்ந்து வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசையைச் சம்பலில் தொட்டபடியே, லண்டனின் மறுகோடியில், எட்மண்டனில் ஒரு அறை பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"உன்னில பிழையில்லை ஈஸ்வரி. கொஞ்ச நாள் தனிய இருந்து பாக்கப்போறன். பொங்கல் முடியப் போறன்."

வேறு பெண் யாரும் இல்லை. இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுதிருக்கலாம். தெளிந்த மனிதர் ஒருவர், தெளிந்த மனதோடு, நான் வேண்டாம் என்கிறார். இதை எந்தக் கோவிலில் போய் முறையிடுவது?

நான் சண்டை போடவில்லை. போகும்வரைக்கும் என் கையால் ஏதாவது குடியுங்கள் என்று மட்டும் கேட்டேன். அவருடைய தம்பி சேகர் எப்போதோ பரிசாகக் கொடுத்த பியர் வடிக்கும் சாமான் கராஜில் தூசி படிந்து கிடந்தது. வடித்த பியரைப் பெரிய பானையில் விட்டு மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்தால் போதை தரும் வெறி ஆவியாகிப் போய்விடும், சுவை நிற்கும் என்று விளக்கினேன். அவர் தயங்கினார். விரதகாரி நான் உங்களுக்கு நஞ்சு தருவேனா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

இலையுதிர் காலத்துக்கு ஆரஞ்சு நிறத் தோடம்பழத் தோலும் கறுவாப்பட்டையும். கிறிஸ்மஸுக்குக் கராம்பு, இஞ்சி, துருவிய சாதிக்காய். வெள்ளைக்காரரே கடையில் வரிசையில் நின்று வாங்கும் சாமான் அது. முதல் கிண்ணம் குடித்தபோது, "நெஞ்சுக்குள்ள சுடுகுது" என்றார். கராம்பின் சூடு என்றேன். அதன்பின் அவர் கேட்கவில்லை. கிண்ணத்தைத்தான் நீட்டினார்.

இரத்தப் பரிசோதனை மோசமாக வந்தது. குடிக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இவர் சத்தியம் செய்தார். சத்தியம் செய்கிற எல்லோரையும் பார்க்கிற மாதிரியே டாக்டர் இவரையும் பார்த்தார். சேகர் வந்து காருக்குள்ளும் கோட்டுப் பையிலும் போத்தல் தேடினான். அன்று கட்டிலில் இருந்து அழுதார்.

"ஒருத்தரும் என்னை நம்புறாங்கள் இல்லை."

"நான் நம்புறன்" என்றேன்.

அது முழு உண்மை. உலகத்தில் அவரை நம்பக் காரணம் இருந்தவள் நான் ஒருத்திதானே. என் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய வசனம் திரும்பி வந்தது. எட்மண்டன் அறையை வேண்டாமென்று அவரே தொலைபேசியில் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை.

பொங்கலன்று படுக்கையில் கிடந்தார். மாசியில் போய்விட்டார். என்ன பணிவிடை, என்ன பொறுமை என்று செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

பிழை விட்டது அந்தியேட்டியன்று. முப்பத்தோராம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்பது எங்கள் வழக்கம். சோறு, கறி, மோதகத்தோடு கடைசிப் போத்தல் கிறிஸ்மஸ் பியரையும் வைத்தேன். படைத்ததைப் பிறகு வந்தவர்கள் பகிர்ந்து உண்பார்கள். சுவைத்தே பார்க்காதவளுக்கு, இன்னொருவர் சுவைப்பார் என்ற நினைப்பு வரவில்லை. சேகர் அண்ணனை நினைத்துக் கண் கலங்கியபடி இரண்டு மிடறு குடித்தான். கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"அண்ணி, இதில வெறி இருக்கு."

"அது கராம்பு தம்பி."

"எனக்குக் கராம்பு தெரியும். இதையோ அண்ணைக்குக் குடுத்தனீங்கள்?"

மிச்சத்தைப் போத்தலோடு அவன் உங்களிடம் கொண்டுவந்தது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே சொல்கிறேன். அந்தப் பானையில் காய்ந்தது வெறும் தண்ணீரும் கறுவாவும் கராம்பும். மணம் மாடியறைவரை போக வேண்டும் அல்லவா. பியர் ஒருநாளும் அந்தப் பானைக்குள் போகவில்லை. டாக்டர் சொன்னது எனக்கு விளங்கவில்லையா என்று கேட்கிறீர்கள். விளங்கியது. அவர் அதைச் சொன்னபோது பக்கத்துக் கதிரையில் இருந்தது நான்தான்.

நான் அவரைக் கொன்றேன் என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். தான் ஒரு துளிகூடத் தொடவில்லை என்ற நிம்மதியோடுதான் அவர் கண்ணை மூடினார். அந்த நிம்மதியைக் கொடுத்தது யார் என்பதையும் கீழே ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.