பள்ளத்துல இன்னொரு தடவ

சாப்பாடு கொண்டு போற பசங்க போன்ல பாதி வழியில திரை கறுப்பாயிடுச்சு சார். அதான் ஆனது. நீங்க கேட்டதுக்குப் பதில் அங்கேர்ந்துதான் வரும். அவசரம்னா கெளம்புங்க, எனக்கும் மேல ஆபீஸ்ல வேல கீது.

சரி, உக்காருங்க. சக்கர போடலாம் இல்ல? சுகரா. தம்பி, ஒண்ணு சக்கர இல்லாம.

கோவில்பதாகைலேர்ந்து வந்து கீறீங்க. பையனுக்குப் பாக்குற பொண்ணு என் டீம்ல கீது. ஜாதகமெல்லாம் பொருந்திடுச்சு. உங்க மச்சினரு மட்டும், அந்தப் பொண்ணு எவன் கூடவோ பைக்ல சுத்துது, மண்ணூர்பேட்ட பக்கம் கண்ணால பாத்தேன்னு சொல்லிட்டாரு. அது நெசமான்னு கேக்க வந்தீங்க. அதானே?

நெசம்தான்.

ஏந்திரிக்காதீங்க. டீ வருது.

நாங்க ஆப் பண்றவங்க இல்ல. ஆப் பண்றவனுக்கு சாமான் பண்ணிக் குடுக்குறவங்க. கொத்தனாருக்குக் கரண்டி மாதிரி வச்சிக்கோங்க. ஊடு நல்லா வந்தா கரண்டி பண்ணவன எவன் கேட்டான். செவுரு விரிஞ்சா மட்டும் நேரா நம்மகிட்ட வருவான். இத்தினி வருஷமா இதே பொழப்பு.

அப்படித்தான் வந்தான், அந்தச் சாப்பாட்டு ஆப்காரன். ஓட்டுற பசங்களுக்கு வழியில மேப்பு மறஞ்சிடுது, வெறும் கறுப்பு. ஊடு எங்கன்னு தெரியாம தெருவுல நிக்கிறான். லேட்டுன்னு அவன் ஐடிய முடக்கிடுறாங்க. பொழப்பு போச்சு. உங்க சாமானாலதான்றான். நாங்க இல்லன்றோம். ஆபீஸ் ஏசியில, டேபிள் மேல வச்சிப் பாத்தா ஒண்ணும் இல்ல. எல்லா போன்லயும் பாத்தாச்சு. சிக்னல் பிரச்சனன்னு எழுதி அனுப்புங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அனுப்பினோம்.

அந்தப் பொண்ணு மட்டும் உடல. புகார் வந்த எடத்தையெல்லாம் மேப்புல குறிச்சி வச்சிக்கினு வந்து நிக்குது. பாடி, மண்ணூர்பேட்ட, ஆவடி. சார், இதெல்லாம் வெட்டிப் போட்ட ரோடு, நல்ல ரோட்டுல ஒண்ணு கூட இல்லன்னுச்சு. சிரிச்சாங்க. ரோட்டுக்கும் ஆப்புக்கும் இன்னா சம்பந்தம். பிரசன்னான்னு ஒருத்தன், கார்ப்பரேஷனுக்கு மெயில் போடுன்னு கிண்டல் பண்ணான். அது கண்டுக்கல. பைக்ல போயிப் பாக்கணும்னுச்சு.

போன் ஒண்ண ஹேண்டில்பார்ல மாட்டியாச்சு. அதுலேர்ந்து வொயரு, ஓட்டுறவன் அக்குள் வழியா பின்னாடி. பொண்ணு மடியில லேப்டாப்ப வச்சிக்கினு உக்காந்துச்சு. தோள் மேல சாஞ்சிக்கினு போச்சுன்னாரா உங்க மச்சினரு? சாயாம? முன்னாடி கீற போன எட்டிப் பாக்க வேணாமா? திரும்பத் திரும்ப அதே தெருவுல சுத்துனாங்கன்னாரா. அதுவும் சரிதான். நல்லாதான் பாத்து கீறாரு. கிட்ட வந்து இன்னான்னு கேட்டிருக்கலாம்.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்னாடி, குழாய் போடத் தோண்டிட்டு மூடாத எடம் ஒண்ணு கீது. அதுல எறங்கி ஏறினதும் போன் கறுப்பாச்சு. பொண்ணு பின்னாலேர்ந்து, சார், அந்தப் பள்ளத்துல இன்னொரு தடவ உடுங்கன்னுது. இன்னொரு தடவ. திரும்பவும் கறுப்பு.

குலுக்கல் சார். சோதன பண்றப்ப போன ஒரு குலுக்கு குலுக்கினா எங்க திரை ஒண்ணு தொறக்கும். ஆப்புக்குள்ள இன்னா தப்பு நடக்குதுன்னு அதுல எழுத்தா ஓடும். ஜனங்க கைக்குப் போறப்போ அத எடுத்துடணும். எழுத்த எடுத்தோம், திரைய உட்டுட்டோம். வெறும் கறுப்பு, அது எங்களுதுன்னு எங்களுக்கே அடையாளம் தெரியல. டேபிள் மேல கீற போன எவன் குலுக்குவான்?

அங்கயே ஒரு லாரி நெழல்ல குந்திக்கினு பொண்ணு அந்தத் திரைய மூடிடுச்சு. வெயிலு, தூசி. லாரிக்காரன் எறங்கி வந்து, இன்னாம்மா படிக்கிறியான்னு கேட்டான். சாயங்காலம் சரி பண்ண சாமான் ஆப்காரன் கைக்குப் போயிடுச்சு. அப்புறம் எவனுக்கும் கறுப்பு வரல.

இன்னா? ஓட்டுனது யாரா? இவ்ளோ சொல்லியும் அங்கயே நிக்கிறீங்க. வயசுப் பையன்னாரா மச்சினரு. ஹெல்மெட்டு மாட்டினா எல்லாரும் வயசுப் பையன்தான். நான்தான் சார் ஓட்டுனேன். இடுப்பு இன்னும் ஆறல.

அதுக்குள்ள நிம்மதியா மூச்சு உடாதீங்க. அஸ்கர்தான் ஓட்ட வேண்டியது, டீம்ல கீற பையன். அன்னிக்கு அவன் வண்டி சர்வீஸ்ல கெடந்துச்சு. இல்லன்னா அவன் பின்னாடிதான் உக்காந்திருக்கும். அதே பள்ளம், அதே வேல. அப்போ இன்னா சொல்லியிருப்பீங்க? பதில் எனக்கு வேணாம். ஊட்டுக்குப் போயி உங்க பையன்கிட்ட சொல்லிப் பாருங்க.

டீக்கு நான் குடுத்துடுறேன்.

மேலிடத்துலேர்ந்து பாராட்டி மெயில் வந்துச்சு. என் பேரப் போட்டுட்டாங்க, தல நரச்சவன்னு. திருப்பி எழுதிட்டேன். வந்ததுலேர்ந்து பொண்ணு பொண்ணுன்னே பேசினு கீறோம், நானும்தான். அத சரி பண்ணது நிவேதிதா.