எறாத் தலை மூட்டை

மூக்க மூடிக்கோம்மா, தப்பில்ல. காலைலேருந்து நானே மூடிகினுதான் வந்தேன். கண்டக்டரு ஏத்த மாட்டேன்னு இன்னா கலாட்டா பண்ணான், பாத்தியா? ஒரு மூட்டைய மேல போட்டுட்டான். இது காலண்ட இருக்கட்டும்யான்னு கெஞ்சினேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் எழுந்து பின்னால பூட்டாங்க. நீயும் ஜன்னலோரம் தூங்கற அந்தப் பொண்ணுந்தான் குந்திகினுகிறீங்க. நல்லா இருப்ப.

மீனு இல்லம்மா, எறாத் தலை. வெறுந் தலை. அய்ய, சிரிக்காத! இதுக்காவ ஒரு வருசமா மல்லுக்கு நின்னவ நானு.

எங்குளுது பசியாவரம். பழவேற்காட்டு ஏரி நடுவுல தீவு. எங்கூட்டுக்காரரு தருமன் இடுப்பளவு தண்ணில நின்னு எறா புடிப்பாரு. முன்னெல்லாம் கரைல கூடைய எறக்கினா அங்கியே வெலை பேசி எடுத்துப்பாங்க, காசு கைக்கு வந்துரும், அத்தோட முடிஞ்சிது. அப்பால கமிசன்காரன் மாசிலாமணி வந்தான். சீமைக்குப் போற சரக்கு, மூணு மடங்கு வெலைன்னான். நைலான் வலையும் அவனே குடுத்தான், எறாவ போட்டு கழிச்சிக்கோங்கன்னான். இனிக்க இனிக்க பேசினான்மா. வாயப் பொளந்துகினு கேட்டோம்.

பொய் சொல்லல, மூணு மடங்குதான். ஆனா கைக்கு வர சொல்லோ எங்க போச்சின்னே தெரியாது. ஐஸுக்குப் புடிச்சேன்றான். லாரிக்குன்றான். கூடை எங்கூட்டுது, அதுக்கும் வாடகைன்றான். எறாவுல தண்ணி நிக்குதாம், அதுக்கு எடைல கழிவாம். ஏன்டா, ஏரில கெடந்தது காஞ்சி போயா வரும்? அவரு ஒன்னும் கேக்க மாட்டாரு, தலைய சொறிஞ்சிகினு வந்துருவாரு. எனக்குதான் பத்திகினு வரும்.

ஒரு நாளு நானே தராசாண்ட போய் நின்னேன். எங்க கூடை ரொம்பி வழியுது. அவன் போட்ட எடை முக்கா கூடைக்குக் கூட இல்ல. இன்னாடான்னா, தலைய கிள்ளிட்டுதான் கம்பெனில எடையாம். முன்னாடியே ஏன் சொல்லலன்னா, நீ கேட்டியான்றான். பேமானி! எறாவுக்குத் தலைதான்மா கனம். சரி, நீ காசு குடுக்காத தலை என்னுதுதான, திருப்பிக் குடுன்னேன். கரையே சிரிச்சிது. நான் உடல. வாத்துக்குப் போடுவேன், தென்ன மரத்துக்குப் போடுவேன், உனக்கின்னாடான்னு பாக்கற எடத்துல எல்லாம் கேட்டேன். அங்காளம்மாளுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சின்னு ஊர்ல பேரே வெச்சிட்டாங்க.

அதோட போயிருந்தா இப்டி பஸ்ஸேறி வந்திருக்க மாட்டேன்மா. எவ்ளோ எறா போட்டாலும் வலைக் கடன் அடையவே இல்ல. கடைசில அவனே வழி சொல்றான். நெல்லூரு பக்கம் கம்பெனி ஷெட்டு கீது, தலை கிள்ள பொம்பளப் புள்ளைங்க வேணும், உம் பொண்ண அனுப்பு, அது கூலில கழிஞ்சிரும்னான். எங்காளு சரின்னுட்டாரு. ஒரே பொண்ணும்மா, இந்திராணி. பொங்கலுக்கு அனுப்பிடறேன்னான். பொங்கலு போச்சி, சித்திரையும் போச்சி. கேக்கப் போனா, சோத்துக்குப் புடிச்சேன், தங்கறதுக்குப் புடிச்சேன், இன்னும் பாக்கி கீதுன்றான். எறாவுக்குச் சொன்ன அதே பேச்சு! அவங்கிட்ட போற எதுவும் திரும்பி வராதுன்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சிது.

அழுதேன். அழாம? ராத்திரில்லாம் அழுதுட்டு, மறுக்கா போய் பழைய பேச்சையே எடுத்தேன். எங்கடா என் எறாத் தலைன்னு. அவனுக்கு சிரிப்பு தாங்கல. ஷெட்டாண்ட மலை மாதிரி கொட்டி கெடக்குது, போய் வேணுங்கற மட்டும் வாரிகினு போ பைத்தியமேன்னான். நாலு பேரு கேக்க சொன்னான்மா! சரின்னு கோணிய எடுத்துகினு போனேன். வாட்ச்மேன் இன்னான்னு கேட்டான். மாசிலாமணி வாரிக்க சொன்னாருன்னேன். நாத்தம் புடிச்ச வேலைக்கு ஒருத்தி வந்துச்சேன்னு சந்தோசமா கதவ தொறந்து உட்டான்.

ரெண்டு மூட்டையும் ஒண்டியாவான்னு கேக்கறியா? ஒண்டியா முடியுமா? ஒன்னு என் தலைல. இன்னொன்னு…

தோ, எளாவூரு செக்போஸ்ட்டு வந்துருச்சி பாரு. வண்டி நிக்கும். டீக்கடைல மாசிலாமணி ஆளு குந்திகினு இருப்பான், ஷெட்டு பக்கத்துலேருந்து வர ஒவ்வொரு பஸ்ஸுலயும் எட்டிப் பாப்பான். என்ன அவனுக்குத் தெரியும். பைத்தியம் தலை வாரிகினு போவுதுன்னு சிரிப்பான். இந்த நாத்தத்துக்கு உள்ள ஏற மாட்டான்.

ஏறினான்னா நீதாம்மா ஒரு ஒத்தாசை பண்ணணும். உன் தோள்ல சாஞ்சி தூங்குதே, அதுதான் இன்னொரு மூட்டைய தூக்கினு வந்துச்சி. கோணிய முக்காடு போட்டுகினு, எறாத் தண்ணி மூஞ்சில ஒழுக ஒழுக, அந்த வாட்ச்மேன் எதுருலயே. நாத்தம் தாங்காம அவன் மூஞ்சத் திருப்பிகினான். பஸ்ஸுல எனக்குப் பின்னால ஏறுடி, என்னத் தெரியாத மாதிரி குந்துன்னேன். குந்தினதும் தூங்கிருச்சி. அது விரலப் பாரு, எப்டி வெந்து கெடக்குது.

வலைய அவனே எடுத்துகினு போவட்டும். நான் ராயபுரத்துல எந் தங்கச்சி ஊட்டுக்குப் போறேன்.

அவன் ஏறி இது யாருன்னு கேட்டா, உன் தங்கச்சின்னு சொல்லிடு கண்ணு. எழுப்ப வேணாம். உன் முந்தானைய கொஞ்சம் இஸ்து அது மூஞ்சி மேல போடு.