பதினாலாம் நம்பர் வீட்டு மீட்டர்

இல்ல மேடம், டம்ளர்ல பாதி போதும். முழுசா ஊத்தினா பாதி குடிச்சிட்டு மீதிய அப்படியே வெச்சிடுவோம், அப்புறம் யாராச்சும் கொட்டுவாங்க. பல்லு தேய்க்கிறப்ப குழாய மூடி வெச்சாலே ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் மிச்சம், தெரியுமா? சரி சரி, விஷயத்துக்கு வரேன். பூட்டிக் கெடக்கிற வீட்ல மீட்டர் எப்படி ஓடுதுன்னுதானே கேட்டீங்க. அங்க இருந்த கண்டக்டர் சார் போய்ச் சேர்ந்து பதினேழு நாள் ஆச்சு. அவர் பொண்ணு வந்து, காரியத்த முடிச்சு, வீட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. ஆனா மீட்டர் மட்டும் தெனமும் இருநூத்தி நாப்பது லிட்டர் ஓடுதுன்னு உங்க தண்ணி ஆபீஸ் ஆள் கண்டுபிடிச்சிருக்காரு. நல்ல ஆளு. அப்படிக் கவனிக்கிறவங்கதான் நமக்கு வேணும்.

அது ஏன் ஓடுதுன்னு எனக்குத் தெரியும். மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எங்க தெருவுக்குத் தண்ணி விதி வந்தப்ப எல்லாரும் முனகினாங்க. ஆளுக்கு நூறு லிட்டர். ரெட்டப்படை வீட்டுக்காரங்க திங்களும் வியாழனும் மட்டும் செடிக்கு ஊத்தலாம். ஹோஸ் பைப் தொடக்கூடாது. வீட்டுக்கு ஒரு மழைத்தண்ணிக் குழி கட்டாயம். அளவு தாண்டினா கேட்ல செவப்பு ஸ்டிக்கர். நான் அந்த நாலு பக்கத்தையும் லேமினேட் பண்ணி வெச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை தோறும் மீட்டரக் குறிக்க தெருப் பொறுப்பாளர் யாரு வரீங்கன்னு கேட்டப்ப கை தூக்கினது நான் ஒருத்தன்தான். படிப்பு முடிச்சு வீட்ல சும்மாத்தான் இருந்தேன். "ஊர்ல இருக்கிற மீட்டரையெல்லாம் பாக்குற, உன் வண்டி எப்படா ஓடும்?"னு எங்கப்பா கேப்பாரு. நான் காதுல போட்டுக்க மாட்டேன்.

பதினாலாம் நம்பர்ல கண்டக்டர் சார் தனியா இருந்தாரு. பஸ்ல முப்பத்தெட்டு வருஷம் வேலை பாத்தவரு. "குழி தோண்டணும்னு எழுதியிருக்காங்களேப்பா, என்னால கடப்பாரையே தூக்க முடியாதே"ன்னாரு. நானே தோண்டித் தரேன் சார்னு சொல்லி ஒன்றரை நாள்ல முடிச்சேன். கேட்டுக்குப் பக்கத்துல, மீட்டரத் தாண்டி ரெண்டடி. மூணாவது அடியில கடப்பாரை ‘டக்’னு எதுலயோ பட்டுது. கல்லுன்னு நெனச்சேன். ஜல்லி, மணல் எல்லாம் போட்டு, தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாக்க நடுவுல ஒரு பைப்ப நட்டு வெச்சேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் பைப்புல குச்சி விட்டா ஒன்றரை அடிக்கு ஈரம். மழை பேஞ்சு நாலு மாசம் ஆச்சு மேடம். மத்த குழியெல்லாம் அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கு. உங்க இன்ஜினியரே வந்து பாத்தாரு. "இந்த வெயில்லயும் தண்ணி நிக்குதா? எப்படிப்பா தோண்டின?"ன்னு என் தோள்ல கை போட்டு போட்டோ எடுத்துக்கிட்டாரு. எங்க தெருவுக்கு மொத ப்ரைஸ். அந்த போட்டோவப் பாத்து நாப்பத்திரெண்டு தெருவுல குழி தோண்ட ஆரம்பிச்சாங்க. எனக்குப் பயிற்சியாளர் வேலையும் தரேன்னாங்க.

அதே ஞாயித்துக்கிழமை கண்டக்டர் சார் மீட்டர் நாளைக்கு முன்னூத்தி நாப்பதுன்னு காட்டிச்சு. ஒத்த ஆளுக்கு.

ஸ்டிக்கர் ஒட்டினேன். விதின்னா விதிதானே. எதிர்வீட்டு அக்கா மாடியில நின்னு, "என்ன கண்டக்டரே, உள்ள நீச்சல் குளம் கட்டியிருக்கீங்களா? சொன்னா நாங்களும் டிக்கெட் எடுத்துட்டு வருவோம்ல"ன்னாங்க. தெருவே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. ரெண்டாவது ஸ்டிக்கருக்கு அவர் சிரிக்கல.

"தம்பி, முப்பத்தெட்டு வருஷம் டிக்கெட் இல்லாம ஒருத்தனையும் ஏத்தினதில்ல. இப்ப நானே ஓசியில வந்து மாட்டிக்கிட்டவன் மாதிரி நிக்கிறேன். குழாய் எங்கயாச்சும் ஒழுகுதோ? ப்ளம்பரக் கூப்பிடட்டா?"

"நான் பாத்துட்டேன் சார். எங்கயும் ஒழுகல."

அத நான் சொன்னது வியாழக்கிழமை. அதுக்கு முந்தின நாள் அவர் காய்கறி வாங்கப் போயிருந்தப்ப மீட்டரப் பாத்தேன். வீட்ல யாரும் இல்ல, ஒரு குழாயும் தொறக்கல, ஆனா உள்ள இருக்கிற சின்னச் சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்பவே புரிஞ்சிடுச்சு, அன்னிக்குக் கடப்பாரை பட்டது கல்லு இல்லன்னு. ப்ளம்பர் வந்தா குழியத்தான் தோண்டுவாரு. குழி போயிடும். அப்புறம் அந்த நாப்பத்திரெண்டு தெருவும் கடப்பாரையக் கீழ போட்டுடும். யோசிச்சுப் பாத்தா ஒரு சொட்டும் வீணாகலயே மேடம். எல்லாம் மண்ணுக்குள்ளதானே போகுது.

அவர் ஒரு நோட்டுப் போட்டாரு. கண்டக்டர்ல, கணக்கு சுத்தம். குளிக்க ஒரு பக்கெட், பாத்திரத்துக்கு அஞ்சு சொம்பு, குடிக்க இத்தன டம்ளர். ஞாயித்துக்கிழமை வந்தா கேட்டுலயே நோட்டோட நிப்பாரு.

"நீயே கூட்டிப் பாரு தம்பி. எழுபது கூட வரல."

"நோட்டு நீங்க எழுதுறது சார். மீட்டர் தானா ஓடுறது."

"அப்ப இன்னும் கொறைக்கணுங்கிற."

"கொஞ்சம் கொறைச்சா நல்லது சார்."

கொறைச்சாரு. பக்கெட் போயி ஈரத்துணி வந்துச்சு. அஞ்சு சொம்பு ரெண்டாச்சு. சட்டைய மூணு நாள் போட்டாரு, எதிர்வீட்டு அக்கா பக்கத்துல போறப்ப ஒதுங்கி நடந்தாரு. அவருக்குக் கிட்னியில அடிக்கடி கல்லு வரும். ஒரு நாளைக்கு மூணு லிட்டராவது குடிக்கணும்னு டாக்டர் எழுதின சீட்டு ஃப்ரிட்ஜ் மேலயே ஒட்டியிருக்கும். நான் படிச்சிருக்கேன். கடைசி வாரம் நோட்டுல குடிக்கிற தண்ணி மூணு டம்ளர்னு இருந்துச்சு. அந்தப் பக்கத்துல நான் பச்சை மையில ‘வெரி குட்’னு எழுதி டிக் போட்டேன். உற்சாகப்படுத்தணும்ல. அவரும் ஸ்கூல் பையன் மாதிரி அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒதடு வெடிச்சிருந்துச்சு, வெயில் அப்படி. "அடுத்த வாரமாச்சும் அந்த ஸ்டிக்கரக் கிழிச்சிடுவியா தம்பி?"ன்னாரு. பாக்கலாம் சார்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவர் கேட்ல இல்ல. நான் மொதல்ல மீட்டரக் குறிச்சேன், இருநூத்தி நாப்பத்தஞ்சு. அப்புறந்தான் கதவத் தட்டினேன், சும்மா சாத்தியிருந்தது தெறந்துக்கிச்சு. சமையக்கட்டுல குழாய்க்குக் கீழயே கெடந்தாரு. பக்கத்துல காலி டம்ளர். குழாய் இறுக்கமா மூடியிருந்துச்சு, ஒரு சொட்டு ஒழுகல. நாம சொன்னா ஜனங்க கேப்பாங்கன்னு அன்னிக்குத்தான் எனக்கு முழுசா நம்பிக்கை வந்துச்சு.

அவர் பொண்ணு அழுதுக்கிட்டே, "அப்பாவ நீங்கதான் வாராவாரம் வந்து பாத்துக்கிட்டீங்களாமே"ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. நான் ஸ்டிக்கரப் பிசிர் இல்லாமக் கிழிச்சுட்டு வந்தேன். அவர் கடைசியாக் கேட்டது அதானே.

இதான் மேடம் நடந்தது. குழாய ஒடச்சது நான், அது தெரிஞ்சும் சொல்லாதது நான், கொறைக்கச் சொன்னதும் நான். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன். ஆனா அந்தக் குழிய மட்டும் இப்பத்திக்கு மூடிடாதீங்க, அடுத்த வாரம் மூணு தெருக்காரங்க பாக்க வராங்க. அப்புறம் ஒண்ணு. பின்தெருவுல முப்பத்தொண்ணாம் நம்பர்ல ஒரு டீச்சரம்மா தனியா இருக்காங்க. கேட் பக்கம் நல்ல எடம், குழாய் எந்தப் பக்கமாப் போகுதுன்னு கூடப் பாத்து வெச்சிருக்கேன். சின்னக் கீறலா விழுந்தா தெனம் நூறு லிட்டருக்கு மேல ஓடாது, அவங்களால சமாளிக்க முடியும். இந்த ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சா மழைக்கு முன்னாடி ரிசல்ட் காட்டிடலாம், நீங்க என்ன நெனைக்கிறீங்க மேடம்?